கார்ன் ஸ்நேக் வளர்ப்பு: முதல் பாம்பு வாங்கும் குடும்பங்களுக்கு

லண்டனிலும் டொராண்டோவிலும் ஒஸ்லோவிலும் வளரும் நம் பிள்ளைகள் பலருக்குப் பாம்பு என்றால் ஊரில் நமக்கு இருந்த பயம் இல்லை. நண்பன் வீட்டில் ஒன்றைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு வந்து, "நாமும் வளர்க்கலாமா?" என்று கேட்கிறார்கள். வேண்டாம் என்று சொல்வதில் தவறே இல்லை. வீட்டில் ஒருவருக்காவது மனம் ஒப்பவில்லை என்றால் அதுதான் சரியான பதில். சரி என்று சொல்வதானால், பாம்பு வீட்டுக்கு வருவதற்கு ஒரு வாரம் முன்பே அதன் பெட்டி சூடு பிடித்து ஓடிக்கொண்டிருக்க வேண்டும். பாம்பை வாங்கிய பிறகு ஹீட்டர் தேடுவதுதான் பெரும்பாலான நோய்களுக்கும் பட்டினிகளுக்கும் தொடக்கம்.

எந்தப் பாம்பு?

முதல் பாம்புக்கு நாங்கள் தயங்காமல் சொல்வது கார்ன் ஸ்நேக். அமெரிக்காவின் தென்கிழக்கு மாநிலங்களைச் சேர்ந்தது. விஷமில்லாதது, இரையைச் சுற்றி இறுக்கிக் கொல்வது. முட்டையிலிருந்து வரும்போது 20 முதல் 30 செ.மீ. நீளமும் 6 முதல் 8 கிராம் எடையும் இருக்கும். முழு வளர்ச்சியில் 90 முதல் 150 செ.மீ. பெரும்பாலானவை சாதுவானவை, இரையை மறுப்பது அரிது, வீட்டின் சாதாரண ஈரப்பதமே போதும்.

ஆயுள் 15 முதல் 20 ஆண்டுகள். பத்து வயதுப் பிள்ளைக்கு வாங்கிக் கொடுத்தால், அந்தப் பிள்ளை படிப்பு முடித்து வேறு நகரத்தில் வேலைக்குப் போன பிறகும் பாம்பு உங்களிடம்தான் இருக்கும். ஆகவே இது பெற்றோரின் பாம்பு, பிள்ளைகள் சேர்ந்து பார்த்துக்கொள்கிறார்கள் என்று நினைத்துக்கொண்டு தொடங்குங்கள். பிரிட்டனில் 2006-ஆம் ஆண்டின் விலங்கு நலச் சட்டப்படி 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களிடம் விலங்கை விற்கவே கூடாது. பராமரிப்புக்குப் பொறுப்பு பெரியவர்களுடையது.

கடைகளில் அதிகம் தென்படும் இன்னொன்று பால் பைத்தான் (ball python) என்ற மலைப்பாம்பு. அழகான, அமைதியான பாம்புதான். ஆனால் மாதக்கணக்கில் இரை எடுக்காமல் கிடக்கும் பழக்கம் அதற்கு உண்டு. புதிதாக வளர்ப்பவர்களால் அதைத் தாங்க முடியாது. அதில் 'ஸ்பைடர்' என்ற நிறவகையைத் தவிர்த்துவிடுங்கள். அந்த நிறத்தைத் தரும் மரபணுவே தலை ஆட்டத்தையும் சமநிலைக் குறைவையும் கொடுக்கிறது. பர்மியப் பைத்தானும் பச்சை இகுவானா என்ற பல்லியும் குட்டியாக இருக்கும்போது கைக்குள் அடங்கும். பிறகு முதலாவது 4 மீட்டரைத் தாண்டும். இரண்டாவது வாலோடு ஒன்றரை மீட்டரைத் தொட்டு ஓர் அறையையே கேட்கும்.

சட்டத்தை முதலில் பாருங்கள்

நாட்டுக்கு நாடு இது மாறும். பிரிட்டனில் கார்ன் ஸ்நேக்குக்கு உரிமம் தேவையில்லை. விஷப் பாம்புகளுக்கு 1976-ஆம் ஆண்டுச் சட்டப்படி உரிமம் வேண்டும். நோர்வேயில் நீண்டகாலத் தடைக்குப் பிறகு 2017-இல் 19 ஊர்வன இனங்களுக்கு அனுமதி கொடுத்தார்கள். கார்ன் ஸ்நேக் அதில் இருக்கிறது. கனடாவில் நகராட்சி விதிகள் முக்கியம். ஆஸ்திரேலியாவில் உள்நாட்டு இனங்களை மட்டும் மாநில உரிமத்தோடு வளர்க்கலாம், கார்ன் ஸ்நேக் அங்கே தடைசெய்யப்பட்டது. நியூசிலாந்தில் பாம்பே கூடாது. சிங்கப்பூரிலும் பாம்பைச் செல்லப்பிராணியாக வைத்திருக்க முடியாது. வாடகை வீடு என்றால் வீட்டுக்காரரிடம் எழுத்தில் அனுமதி வாங்கிவிடுங்கள்.

தமிழ்நாட்டில் இருந்து படிப்பவர்களுக்கு: இந்தியாவில் இயற்கையாக வாழும் பாம்புகள் 1972-ஆம் ஆண்டு வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ் வருபவை. சாரையோ மண்ணுளியோ, பிடித்து வீட்டில் வைப்பது குற்றம். நட்சத்திர ஆமைக்கும் இதே விதிதான். 2022-இல் வந்த திருத்தம் வெளிநாட்டு இனங்கள் பலவற்றையும் பதிவுக்குள் கொண்டுவந்தது. விமான நிலையங்களில் பயணப் பெட்டிக்குள் அடைத்துக் கொண்டுவரப்பட்டுப் பிடிபடும் பால் பைத்தான் குட்டிகள் எப்படியோ ஒரு சந்தைக்காகத்தான் வருகின்றன. அந்தச் சந்தையில் வாங்குபவராக இருக்காதீர்கள். பிள்ளைக்கு ஆர்வம் என்றால் கிண்டி பாம்புப் பண்ணைக்கும், வடநெம்மேலி முதலைப் பண்ணைக்கும் அழைத்துப் போங்கள்.

பெட்டி

வளர்ந்த பாம்புக்கு 120 × 60 × 60 செ.மீ. குறைந்தபட்ச அளவு. பாம்பு உடலை முழுதாக நீட்டிப் படுக்க இடம் வேண்டும். உங்கள் பாம்பு 120 செ.மீ.யைத் தாண்டிவிட்டால் பெட்டியும் அதற்கேற்ப நீள வேண்டும். குட்டியை நேரடியாகப் பெரிய பெட்டியில் விடலாம், ஆனால் இலை, கிளை, மரப்பட்டை என்று நிறைய மறைப்பு இருக்க வேண்டும். வெறிச்சோடிய பெரிய பெட்டியில் குட்டி பயந்து இரையை விட்டுவிடும். அவ்வளவு பொருள் போட முடியாது என்றால் முதல் ஓராண்டுக்கு 60 செ.மீ. பெட்டி போதும்.

முன்பக்கம் திறக்கும் பெட்டியே நல்லது. மேலிருந்து கை வந்தால் பருந்து பாய்வதாகத்தான் பாம்புக்குப் படும். பக்கவாட்டிலிருந்து வரும் கையை அது சீக்கிரம் பழகிக்கொள்ளும்.

தரையில் 5 முதல் 8 செ.மீ. தடிமனுக்கு ஆஸ்பென் மரச்சீவல் போடுங்கள். பாம்பு அதற்குள் சுரங்கம் போட்டுத் திரியும். பார்க்கவே பிள்ளைகளுக்குப் பிடிக்கும். தேவதாரு, பைன் சீவல்கள் வேண்டாம், அவற்றின் எண்ணெய் ஆவி மூச்சுப்பாதையைப் புண்ணாக்கும். குட்டியை வாங்கிய முதல் சில வாரங்களுக்கு மட்டும் வெறும் சமையலறைக் காகிதம் விரிப்பது நல்லது. எச்சம், உண்ணி, வாந்தி எதுவானாலும் வெள்ளைக் காகிதத்தில் உடனே தெரியும்.

பதுங்கிடம் இரண்டு வேண்டும்: சூடான முனையில் ஒன்று, குளிர்ந்த முனையில் ஒன்று. ஒன்றை மட்டும் வைத்தால் பாம்பு சூட்டைத் தேடுவதா பாதுகாப்பைத் தேடுவதா என்ற நிலைக்குத் தள்ளப்படும். பெரும்பாலும் பாதுகாப்பைத் தேர்ந்துகொண்டு குளிரிலேயே கிடந்து இரையைச் செரிக்காமல் விடும். பதுங்கிடம் உடல் சுவரில் உரசும் அளவுக்குச் சிறியதாக இருக்க வேண்டும். ஏறுவதற்குக் கிளை, சாய்க்க முடியாத கனமான தண்ணீர்க் கிண்ணம், இவ்வளவுதான். கனமான கல்லை வைப்பதானால் பெட்டியின் அடித்தட்டில் நேராக வையுங்கள். சீவலின் மேல் வைத்தால் பாம்பு அடியில் தோண்ட, கல் அதன்மேல் இறங்கிவிடும்.

ஒரு பெட்டிக்கு ஒரு பாம்பு. துணையில்லாமல் தவிக்குமே என்று பிள்ளைகள் கேட்பார்கள். கார்ன் ஸ்நேக் தனித்து வாழும் இனம். இரண்டைச் சேர்த்தால் ஒன்று மற்றதை விழுங்கிய சம்பவங்களே உண்டு.

சூடு

எல்லாம் இங்கேதான் நிற்கிறது அல்லது விழுகிறது, அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம். பாம்பின் உடல் தன் சூட்டைத் தானே உண்டாக்கிக்கொள்ளாது. சூடான இடத்துக்கும் குளிர்ந்த இடத்துக்கும் மாறி மாறிப் போய்த்தான் அது இரையைச் செரிக்கிறது, நோயை எதிர்க்கிறது. ஆகவே பெட்டி முழுக்க ஒரே சூடு இருந்தால் அது தவறான பெட்டி. ஒரு முனையில், பாம்பு படுக்கும் பரப்பில், 29 முதல் 31 டிகிரி செல்சியஸ். மறுமுனையில் 23 முதல் 25. இரவில் 20 வரை இறங்கினாலும் பாதகமில்லை.

சூட்டுக்கு இரண்டு வழி. மேலிருந்து ஹாலஜன் பல்பு அல்லது டீப் ஹீட் புரொஜெக்டர் (வெளிச்சமில்லாமல் சூடு மட்டும் தருவது). கீழிருந்து ஹீட் மேட் (மின்சாரத்தில் சூடாகும் தட்டையான விரிப்பு). 120 செ.மீ. பெட்டிக்கு மேலிருந்து வரும் சூடே நல்லது. காற்றையும் பரப்பையும் சேர்த்துச் சூடாக்கும், வெயில் காய்வது போன்ற இயல்பான நடத்தையும் வரும். 75 முதல் 80 வாட் பெரும்பாலான வீடுகளுக்குப் போதும். சிறிய பெட்டிக்கு ஹீட் மேட் சரிதான், தரைப்பரப்பில் மூன்றில் ஒரு பங்கைத் தாண்டாமல்.

தெர்மோஸ்டாட் (சூட்டை அளந்து ஹீட்டரைக் கட்டுப்படுத்தும் கருவி) இல்லாத எந்த ஹீட்டரும் பெட்டிக்குள் போகக்கூடாது. விதிவிலக்கே கிடையாது. கட்டுப்பாடில்லாத ஹீட் மேட் 40 டிகிரியைத் தாண்டும். பாம்போ அடிவயிறு வெந்துகொண்டிருந்தாலும் விலகாமல் படுத்திருக்கும். சூட்டுப் புண்ணோடு கால்நடை மருத்துவரிடம் வரும் பாம்புகளில் பல இப்படித்தான் வருகின்றன. ஹீட்டருக்கு ஏற்ற தெர்மோஸ்டாட்டை வாங்குங்கள்: வெளிச்சம் தரும் பல்புக்கு டிம்மிங் வகை, செராமிக் ஹீட்டருக்குப் பல்ஸ் வகை, மேட்டுக்கு ஆன்-ஆஃப் வகை போதும். பல்புக்கு ஆன்-ஆஃப் வகையைப் போட்டால் பல்பு நாள் முழுக்க அணைந்து எரிந்து, சில வாரங்களில் போய்விடும்.

சென்சாரை எங்கே வைப்பது என்பதில்தான் அதிகம் தவறு நடக்கிறது. பல்பு என்றால் அதன் நேர்கீழே, பாம்பு படுக்கும் உயரத்தில். மேட் என்றால் மேட்டுக்கு நேர்மேலே, சீவலுக்கு அடியில், பெட்டியின் தரையோடு ஒட்டி. சீவலின் மேல் வைத்தால் தெர்மோஸ்டாட் சீவலின் மேற்பரப்பைச் சூடாக்க முயன்றுகொண்டே இருக்கும். அடியில் தோண்டிப் போகும் பாம்பு 40 டிகிரியில் படுக்கும். சென்சார் கம்பியை ஒட்ட செலோடேப் பயன்படுத்தாதீர்கள். பாம்பு அதில் ஒட்டிக்கொண்டால் செதில் பிய்ந்துவிடும். பிளாஸ்டிக் கிளிப் போடுங்கள்.

பெட்டிக்குள் பல்பு இருந்தால் அதைச் சுற்றிக் கம்பிக்கூண்டு அவசியம், பாம்பு பல்பையே சுற்றிக்கொள்ளும். மின்கம்பி சாக்கெட்டைவிடத் தாழ்வாகத் தொங்கி மேலே ஏறும்படி விடுங்கள், சிந்திய தண்ணீர் கம்பியோடு ஓடி சாக்கெட்டுக்குள் போகாது.

தெர்மோஸ்டாட்டின் முகப்பில் தெரியும் எண்ணை நம்பிவிடாதீர்கள். இரு முனைகளிலும் தனித்தனி டிஜிட்டல் தெர்மாமீட்டர், பரப்புச் சூட்டை அளக்க ஓர் அகச்சிவப்பு தெர்மாமீட்டர் வேண்டும். காலையிலும் இரவிலும் குறித்து வையுங்கள். ஒரு வாரம் எண்கள் நிலையாக நின்றால் பாம்பை அழைத்து வரலாம்.

யுவிபி (புற ஊதாக் கதிர்) விளக்கு இல்லாமலும் கார்ன் ஸ்நேக்குகள் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்திருக்கின்றன. இருந்தாலும் வைப்பது நல்லது: 5 அல்லது 6 சதவீத டி5 குழல், பெட்டியின் பாதி நீளத்துக்கு, சூடான முனையில், நாளுக்கு 12 மணி நேரம். குழல் எரிந்துகொண்டே இருந்தாலும் யுவிபி குறைந்துபோகும், ஆகவே ஆண்டுக்கொருமுறை மாற்றுங்கள். ஈரப்பதம் 40 முதல் 60 சதவீதம்.

வாங்கும்போது

வளர்ப்பில் பொரித்த குட்டியை மட்டும் வாங்குங்கள். விற்பவரிடம் கேட்க வேண்டியது ஒன்றே ஒன்று: உறைந்து இளகிய எலிக்குஞ்சை எத்தனை முறை எடுத்திருக்கிறது, தேதியோடு காட்ட முடியுமா? ஐந்துக்கும் குறைவு என்றால் காத்திருங்கள். கையில் வாங்கும்போது உடல் உருண்டு இறுக்கமாக இருக்க வேண்டும். முதுகெலும்பு முனை தெரியக்கூடாது. மூக்கில் குமிழியோ, தாடைக்கடியில் கருப்புப் புள்ளிகளோ இருந்தால் அந்தக் கடையிலேயே எதையும் வாங்க வேண்டாம்.

வந்ததும் 7 முதல் 10 நாள் யாரும் தொடக்கூடாது. தண்ணீர் மட்டும் மாற்றுங்கள். பிள்ளைகளுக்கு இதுதான் மிகக் கடினமான வாரம். வந்த ஆறாவது, ஏழாவது நாளில் முதல் இரையைக் கொடுங்கள். ஏற்கெனவே வேறு பாம்பு இருந்தால் புதியதை வேறு அறையில் குறைந்தது 60 நாள் தனியே வையுங்கள்.

இரையும் நம் சமையலறையும்

தாவரம் தின்னும் பாம்பு உலகில் இல்லை. சைவக் குடும்பங்கள் இதை முதலிலேயே மனம்விட்டுப் பேசிக்கொள்ள வேண்டும், ஏனென்றால் அடுத்த 15 ஆண்டுகளுக்கு வீட்டு ஃப்ரீசரில் எலி இருக்கும். தனியாக ஒரு சிறிய ஃப்ரீசர் வாங்கிக் கராஜில் வைப்பது பல வீடுகளில் சண்டையைத் தீர்த்த வழி. அசைவ வீடாக இருந்தாலும் எலியை உணவோடு வைக்க வேண்டாம். பிரிட்டனில் 2015 முதல் பல ஆண்டுகள் நீடித்த சால்மொனெல்லா தொற்று ஒன்று, பாம்புக்கு வாங்கும் உறைந்த எலிகளோடு தொடர்புபடுத்தப்பட்டது. உறைநிலையில் அந்தக் கிருமி சாவதில்லை. எலியை வீட்டுக்குள்ளேயே அனுமதிக்க முடியாது என்றால் பாம்பை விட்டுவிட்டு கிரெஸ்டட் கெக்கோ என்ற பல்லியைப் பாருங்கள். தண்ணீரில் குழைக்கும் தயார்நிலைப் பொடி உணவிலேயே வாழும், 22 முதல் 26 டிகிரி போதும். பொடியின் உட்பொருள்களில் பூச்சிப் புரதம் இருக்கலாம், பொட்டலத்தைப் படித்துவிடுங்கள்.

இரையின் அளவைப் பெயரால் முடிவுசெய்யாதீர்கள். ஒரு கடையின் 'ஃபஸ்ஸி' (ரோமம் முளைக்கும் எலிக்குஞ்சு) இன்னொரு கடையில் 'ஹாப்பர்' (அதைவிடச் சற்றுப் பெரியது). ஒரு கிராம் வரை காட்டும் தராசு வாங்கி, பாம்பையும் இரையையும் நிறுங்கள். 15 கிராமுக்குக் கீழே இருக்கும் குட்டிக்கு 2 கிராம் பிங்கி (ரோமமில்லாத, புதிதாகப் பிறந்த எலிக்குஞ்சு), 5 அல்லது 6 நாளுக்கு ஒன்று. 15 முதல் 30 கிராம் வரை 3 கிராம் இரை, வாரம் ஒருமுறை. அதன் பிறகு 100 கிராம் வரை, பாம்பின் எடையில் பத்தில் ஒரு பங்கு, வாரம் ஒருமுறை. 100 முதல் 300 கிராம் வரை 10 நாளுக்கு ஒருமுறை, 12 முதல் 25 கிராம் எலி. 400 கிராமைத் தாண்டி வளர்ச்சி நின்ற பாம்புக்கு 25 முதல் 30 கிராம் எலி, இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒன்று.

கடைசி வரியைக் கண்டு பலருக்கு மனம் கேட்பதில்லை. விருந்தாளிக்கு இன்னும் ஒரு கரண்டி போடுவது நம் பழக்கம். பாம்புக்கு அது கேடு. வீட்டில் வளரும் கார்ன் ஸ்நேக்குகள் பட்டினியால் மெலிவதைவிடக் கொழுத்துப்போவதே அதிகம். வளையும்போது செதில்களுக்கிடையே தோல் தெரிவது, வாலின் தொடக்கம் உருண்டு தடித்துப்போவது எல்லாம் கொழுப்பு. ஈரல் கெட்டு ஆயுள் குறையும்.

இளக்கும் முறை இது. முதல் நாள் இரவு எலியை ஜிப் பைக்குள் போட்டு, மூடியுள்ள தனி டப்பாவில் வைத்து ஃப்ரிட்ஜுக்கு மாற்றுங்கள். மறுநாள் மாலை அதே பையோடு, இதற்கென்றே வைத்திருக்கும் கிண்ணத்தில், 40 டிகிரி வெந்நீரில் 15 நிமிடம் வையுங்கள். வயிற்றை அழுத்திப் பார்த்தால் உள்ளே கட்டி இருக்கக்கூடாது. நடுவில் உறைந்திருக்கும் இரை பாம்பின் வயிற்றில் கெட்டு வாந்தியாக வெளிவரும். மைக்ரோவேவ் வேண்டாம், உள்ளே வெந்து வெடிக்கும். காகிதத்தில் துடைத்து, 30 செ.மீ. இடுக்கியால் தலைப்பக்கம் முன்னிருக்கும்படி நீட்டுங்கள். இடுக்கிக்குப் பதில் விரலை நீட்டினால் கடி நிச்சயம். உயிருள்ள எலி ஒருபோதும் வேண்டாம், அது திருப்பிக் கடித்தால் பாம்பின் கண்ணே போகலாம்.

இரை எடுத்த பிறகு 48 மணி நேரம் பாம்பைத் தூக்கக்கூடாது. வாந்தி எடுத்துவிட்டால் பதறி உடனே இன்னொன்றைக் கொடுக்காதீர்கள். வயிற்று அமிலம் மீண்டும் ஊற 10 முதல் 14 நாள் பிடிக்கும். அதுவரை தண்ணீர் மட்டும். பிறகு வழக்கத்தில் பாதி அளவு இரை. அந்த இடைவெளியில் காரணத்தைத் தேடுங்கள்: சூடான முனை குளிர்ந்திருந்ததா, இரை பெரிதா, யாராவது சீக்கிரம் தூக்கிவிட்டார்களா? இரண்டாம் முறையும் வாந்தி என்றால் மருத்துவர்.

வளர்ந்த ஆண் பாம்பு வசந்த காலத்தில் சில வாரம் இரையைத் தொடாமல் துணை தேடி அலையும். எடை பத்தில் ஒரு பங்குக்குமேல் குறையாத வரை கவலை வேண்டாம்.

பால் பாம்பின் உணவல்ல. நாகபஞ்சமிக்குப் பாட்டி கிண்ணத்தில் பால் வைக்க விரும்பினால், அன்பாகச் சொல்லித் தடுத்துவிடுங்கள். தாகத்தில் இருக்கும் பாம்பு அதைக் குடித்தால் வயிறுதான் கெடும்.

சட்டை உரிக்கும் நாள்கள்

குட்டி நான்கு முதல் ஆறு வாரத்துக்கு ஒருமுறையும், பெரியது சில மாதத்துக்கு ஒருமுறையும் சட்டை உரிக்கும். முதலில் நிறம் மங்கும்; கண்கள் நீலச் சாம்பலாகும். பாம்புக்கு அப்போது பார்வை சரியாக இருக்காது. பதுங்கியே கிடக்கும், தொட்டால் சீறலாம். அந்த நாள்களில் தூக்கவும் வேண்டாம், இரையும் வேண்டாம். சில நாளில் கண் தெளியும். அதன்பின் நான்கைந்து நாளில் மூக்கு நுனியில் தொடங்கி, உள்வெளியாகப் புரண்டு, ஒரே துண்டாகச் சட்டை கழன்றுவிடும். ஈரப் பாசி நிரப்பிய ஒரு மூடி டப்பாவில் துளையிட்டு வைத்தால் இந்த நாள்களில் அதற்குள்ளேயே போய் இருந்துகொள்ளும்.

உரித்த சட்டையைப் பிள்ளைகளோடு மேசையில் விரித்துப் பாருங்கள். தலைப்பகுதியில் கண்ணாடி மாதிரி இரண்டு வட்டச் செதில் இருக்க வேண்டும், அவைதான் கண்மூடிச் செதில்கள். வால் நுனியும் இருக்க வேண்டும். வால் நுனியில் பழைய தோல் தங்கினால் வளையமாக இறுகி ரத்த ஓட்டம் நின்று நுனி கருகிவிடும். அப்படித் தங்கினால் 28 டிகிரித் தண்ணீரில், உடலின் பாதி உயரத்துக்கு மட்டும், 20 நிமிடம் விட்டு, ஈரத் துணிக்குள் ஊர்ந்து போக விடுங்கள். கண்செதிலை நகத்தாலோ இடுக்கியாலோ எடுக்க முயலாதீர்கள். கண்ணோடு வந்துவிடும். அடுத்த உரிப்பிலும் தங்கினால் மருத்துவரிடம் போங்கள்.

கையில் எடுப்பதும் பிள்ளைகளும்

ஊர்வனவற்றின் குடலில் சால்மொனெல்லா இயல்பாகவே இருக்கும், பார்க்க ஆரோக்கியமாக இருந்தாலும். அதனால் ஐந்து வயதுக்குக் கீழ்ப்பட்ட குழந்தைகள், 65 வயதைத் தாண்டியவர்கள், நோய் எதிர்ப்பு குறைந்தவர்கள் தொட வேண்டாம் என்பது அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையத்தின் அறிவுரை. நம் வீடுகளில் பாட்டியும் கைக்குழந்தையும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் இதை இரட்டிப்புக் கவனத்தோடு எடுத்துக்கொள்ள வேண்டும். பாம்பு சமையலறைக்குள் வரக்கூடாது. தண்ணீர்க் கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவக்கூடாது. தொடும் முன்பும் பின்பும் சோப்புப் போட்டு 20 நொடி கை கழுவ வேண்டும். முத்தம் கிடையாது.

பாம்பைத் தூக்கும் முறை: தரையில் உட்கார்ந்துகொள்ளுங்கள். பிள்ளைகள் நின்றுகொண்டு தூக்கினால் பயத்தில் கீழே போட்டுவிடுவார்கள். உடலின் நடுப்பகுதியை ஒரு கையும், பின்பகுதியை மறு கையும் தாங்க வேண்டும். கழுத்தைப் பிடிக்காமல், தலையை அதன் போக்கில் விடுங்கள். முதலில் 5 நிமிடம், பழகிய பிறகு 15 நிமிடம், வாரம் இரண்டு மூன்று முறை. குட்டிகள் வாலை அதிர்த்துச் சீவலில் சலசலக்க வைக்கும், சில நேரம் துர்நாற்றத் திரவம் கழிக்கும். எல்லாம் பயம்தான், விஷத்தின் அடையாளமல்ல.

கடித்தால் கையை வெடுக்கென்று இழுக்கக்கூடாது. பற்கள் உள்நோக்கி வளைந்தவை. இழுத்தால் தோல் கிழியும், பாம்பின் பல்லும் உடையும். சில நொடி அசையாமல் இருந்தால் பெரும்பாலும் விட்டுவிடும். விடாவிட்டால் வாயருகே குளிர்ந்த தண்ணீர் விடுங்கள். பிறகு சோப்பால் கழுவினால் போதும்.

வேலைப் பங்கீடு வயதைப் பொறுத்தது. ஆறேழு வயதில் தெர்மாமீட்டர் எண்களை நோட்டில் எழுதலாம், இந்த வேலையை அவர்கள் மிகவும் பொறுப்பாகச் செய்வார்கள். பத்து வயதில் கையுறையோடு எச்சம் அள்ளலாம், தண்ணீர் மாற்றலாம். எலி இளக்குவது பதின்மூன்றுக்கு மேல், பெரியவர் பக்கத்தில் இருக்க. பெட்டிச் சாவி எப்போதும் பெரியவரிடம்.

நோயும் தப்பிப்பும்

தண்ணீர்க் கிண்ணத்தில் மணல் மாதிரிக் கருப்புப் புள்ளிகள் மூழ்கிக் கிடந்தால் அது உண்ணி. பாம்பு நாள் முழுக்கத் தண்ணீரிலேயே கிடப்பதும் அதன் அறிகுறி. மருத்துவர் தரும் மருந்தோடு பெட்டியைக் காலிசெய்து, சீவலை வெளியே போட்டு, இடுக்குகள் வரை துடைக்க வேண்டும். முட்டைகள் பெட்டி இடுக்கில் இருப்பதால் பாம்புக்கு மட்டும் மருந்து போட்டால் பத்து நாளில் திரும்பி வரும். வாய் திறந்து மூச்சு விடுவது, மூச்சில் கிளிக் ஒலி, வாயில் கோழை எல்லாம் நுரையீரல் தொற்று. பெட்டி குளிர்ந்தோ நனைந்தோ இருந்ததன் விளைவு. இதற்குக் கைவைத்தியம் கிடையாது. பாம்பு வாங்கும் முன்பே ஊர்வன பார்க்கும் மருத்துவர் எங்கே இருக்கிறார் என்று விசாரித்து வையுங்கள். எல்லாக் கால்நடை மருத்துவர்களும் பார்ப்பதில்லை.

கார்ன் ஸ்நேக் தப்பிப்பதில் கெட்டிக்காரப் பாம்பு. தலை நுழையும் இடத்தில் உடலும் நுழையும். குட்டிக்குப் பென்சில் அளவு ஓட்டை போதும். நகரும் கண்ணாடிக் கதவுகளுக்கு இடையில் உள்ள இடைவெளி, மின்கம்பி வரும் துளை, மூடியின் மூலை, இம்மூன்றையும் முதல் நாளே அடையுங்கள். போய்விட்டால் கழிப்பறை மூடி, அறைக் கதவுகளைச் சாத்திவிட்டு, ஃப்ரிட்ஜின் பின்புறம், ஹீட்டர், புத்தகங்களின் பின்னால் என்று சூடும் இருட்டும் சேரும் இடங்களில் தேடுங்கள். இரவில் கதவடியில் மாவு தூவிவைத்தால் எந்த அறையில் திரிகிறது என்று காலையில் தடம் காட்டும். சுவரோரமாக ஹீட் மேட் போட்டு, அதன்மேல் ஒரு பதுங்கிடம் வைத்தால் பல பாம்புகள் தாமாகவே அதற்குள் வந்துவிடும். வளர்க்க முடியாமல் போனாலும் வெளியே விடக்கூடாது. ஊர்வன மீட்பகங்களிடம் ஒப்படையுங்கள்.

குளிர்காலத்தில் மின்சாரம் போனால் பெட்டியைக் கம்பளியால் மூடி, துணியில் சுற்றிய வெந்நீர்ப் பையை வெளிப்புறம் வையுங்கள். 2013 டிசம்பரில் பனிமழைப் புயலால் டொராண்டோவில் பல வீடுகளுக்கு நாள்கணக்கில் மின்சாரம் இல்லாமல் போனது. வயிறு காலியாக இருக்கும் பாம்பு 18 டிகிரியைச் சில நாள் தாங்கும். இரை எடுத்த பாம்பால் தாங்க முடியாது, ஆகவே புயல் எச்சரிக்கை வந்த வாரத்தில் இரை கொடுக்காதீர்கள்.

ஊருக்குப் போகும்போது

வீட்டில் பாம்போடு வளரும் பிள்ளைக்கு ஒரு பாடத்தை விமானம் ஏறும் முன்பே பலமுறை சொல்லியாக வேண்டும். இந்தியாவில் பாம்புக்கடியால் 2000 முதல் 2019 வரை ஆண்டுக்குச் சராசரியாக 58,000 பேர் இறந்திருக்கிறார்கள். நாகம், கட்டுவிரியன், கண்ணாடி விரியன், சுருட்டை விரியன் ஆகியவை தோட்டத்திலும் வரப்பிலும் சாதாரணமாகத் திரிபவை. பாம்பைப் பார்த்தால் ஆசையோடு கை நீட்டும் பிள்ளைக்குக் கட்டுவிரியனும் அழகான பட்டைப் பாம்புதான். பெட்டிக்கு வெளியே இருக்கும் எந்தப் பாம்பையும் தொடக்கூடாது. பார்த்தால் அப்படியே பின்வாங்கிப் பெரியவரைக் கூப்பிட வேண்டும். இரவில் செருப்பும் டார்ச்சும் இல்லாமல் முற்றத்தில் இறங்கக்கூடாது. அந்தப் பிள்ளையே இதைத் தன் வாயால் திருப்பிச் சொல்லும்வரை சொல்லுங்கள்.

வளர்ந்த பாம்பு மூன்று வாரம் இரையில்லாமல் நலமாக இருக்கும். கிளம்புவதற்கு ஐந்தாறு நாள் முன்பு கடைசி இரையைக் கொடுத்து, எச்சம் கழித்ததும் பெட்டியைச் சுத்தம் செய்துவிடுங்கள். இரண்டு நாளுக்கு ஒருமுறை வந்து தண்ணீர் மாற்றி, இரு தெர்மாமீட்டர்களையும் படம் எடுத்து அனுப்ப ஒருவரை ஏற்பாடு செய்யுங்கள். இரை கொடுக்கும் வேலையை அவரிடம் விடாதீர்கள். மருத்துவரின் எண்ணையும், சூடு எத்தனைக்குக் கீழே போனால் உங்களைக் கூப்பிட வேண்டும் என்பதையும் எழுதிப் பெட்டியில் ஒட்டுங்கள். குட்டிப் பாம்பு என்றால் இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி விட வேண்டாம். அனுபவமுள்ளவர் வீட்டில் ஒப்படைத்துவிட்டுப் போங்கள். திரும்பி வந்ததும் பாம்பை நிறுத்துப் பார்த்து, மறுநாள் வழக்கமான அளவில் இரையைக் கொடுக்கலாம்.